பிள்ளைக்கு வாந்தி-பேதி: வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றாமல் சமாளிப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது: நான்கு வயது மகனுக்கு நள்ளிரவிலிருந்து வாந்தி, விடிந்ததும் தண்ணீராகப் பேதி. வகுப்பில் வேறு சில பிள்ளைகளுக்கும் இதே தொல்லை. வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் மாமியார், கணவன் மனைவி இருவர். கழிவறை ஒன்றுதான். மற்றவர்களுக்கு வராமல் தடுக்க முடியுமா? பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

ஓரளவுக்குத் தடுக்கலாம். இன்னும் ஒருவரோ இருவரோ படுக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். எல்லாரும் ஒரே இரவில் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், கைக்குழந்தையையும் மாமியாரையும் முடிந்தவரை காப்பதும்தான் எட்டக்கூடிய இலக்கு. அதற்கு வீடு முழுக்கத் துடைக்க வேண்டியதில்லை. வாந்தி விழுந்த இடம், கழிவறை, பராமரிப்பவரின் கை, இந்த மூன்றிலும் கறாராக இருங்கள். மிச்ச நேரத்தில் பிள்ளைக்குக் கரண்டியால் ஊட்டுங்கள், முடிந்தபோது நீங்களும் கண்ணயருங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நோரோவைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முன்னறிவிப்பில்லாமல் வாந்தியில் தொடங்கும், சில மணி நேரத்தில் பேதி சேரும், லேசான காய்ச்சலும் உடல்வலியும் இருக்கலாம், 1 முதல் 3 நாளில் அடங்கும். ரோட்டா வைரஸும் இப்படித்தான் தொடங்கும். ஆனால் அதில் காய்ச்சல் தூக்கலாக இருக்கும், பேதி ஒரு வாரம் வரை இழுக்கலாம். எந்த வைரஸ் என்று தெரிந்துகொள்ளப் பரிசோதனைக்கு அலைய வேண்டாம், வீட்டில் செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றுதான். உணவு நஞ்சு வேறு கதை. கெட்ட உணவில் பாக்டீரியா விட்ட நச்சு என்றால், அதைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ ஒன்றாக வாந்தி எடுப்பார்கள். முதலில் ஒருவர், ஒன்றிரண்டு நாள் கழித்து இன்னொருவர் என்று வரிசையாக விழுந்தால் அது தொற்று.

நோரோவைரஸுக்குப் பெயரே ஒரு பள்ளியால்தான் வந்தது. 1968இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் பாதிப் பேர் வாந்தியில் விழுந்தார்கள். அவர்கள் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொற்றியது. அப்போது சேர்த்துவைத்த மாதிரியில்தான் 1972இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக இந்த வைரஸைக் கண்டார்கள். மூன்றில் ஒருவர் என்பதை மனதில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வந்தே தீரும் என்பது உண்மையில்லை.

இந்த வைரஸின் சில குணங்கள் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும். முதலாவது, தொற்றுவதற்குச் சில பத்து துகள்களே போதும். நோயாளியின் மலத்திலோ ஒரு கிராமுக்குக் கோடிக்கணக்கில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு விரல் நுனியில் ஒட்டினாலே போதுமென்பதால், பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது என்ற நினைப்பை நம்ப முடியாது. இரண்டாவது, இதற்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் சானிடைசர் கொரோனா வைரஸைக் கொல்வது அந்த உறையைக் கரைத்துத்தான், இங்கே கரைக்க உறையே இல்லை. அதனால் சானிடைசர் பெரிதாக உதவாது. வாசனை ஃபினாயிலும் தண்ணீரில் கலக்கும் ஆன்டிசெப்டிக் திரவமும் அதே ரகம்தான்: மணக்கும், வைரஸ் அப்படியே இருக்கும். மூன்றாவது, தரையிலும் கைப்பிடியிலும் இது நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் தாக்குப்பிடிக்கும். நான்காவது, குணமான பிறகும் மலத்தில் இரண்டு வாரமோ அதற்கு மேலோ வெளியேறிக்கொண்டிருக்கும். கிருமி உடலில் புகுந்து 12 முதல் 48 மணி நேரத்தில் நோய் தலைகாட்டும்.

ஆட்களைப் பிரிப்பதை இன்றே செய்துவிடுங்கள். பெரியவர்களில் ஒருவர் மட்டும் மகனைப் பார்க்கட்டும், மற்றவர் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு சமையலையும் கவனிக்கட்டும். தாய்ப்பால் கொடுப்பவர் குழந்தைப் பக்கம் இருப்பது இயல்பாகவே பொருந்தும். மாமியார் பேரனைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்படுவார். இரண்டு மூன்று நாள் மட்டும் வாசற்படியில் நின்று பேசச் சொல்லுங்கள். மகனைப் பார்ப்பவர் சமையலறைப் பக்கமே போகக் கூடாது, தண்ணீர்க் குடத்தில் கை விடக் கூடாது. குடும்பத்தில் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். வாந்தியை மிகக் கவனமாகத் துடைத்துவிட்டு அதே ஆள் போய் எல்லாருக்கும் சாப்பாடு பரிமாறுவார்.

மகன் படுக்கும் இடம் கழிவறைக்குப் பக்கமாக இருக்கட்டும். பாய் விரிப்பு, கம்பளம், துணி சோபா எதுவும் வேண்டாம், கழுவக்கூடிய தரை நல்லது. தலைமாட்டில் விளிம்பு அகலமான பிளாஸ்டிக் பேசின் ஒன்று, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை விரித்து, அடியில் பழைய செய்தித்தாள் நாலைந்து. பையோடு சுருட்டிக் கட்டிவிடலாம், பேசினைத் தேய்த்துக் கழுவும்போது தெறிப்பது மிச்சம். தலையணைக்கு மேல் ஒரு பெரிய துண்டு, அதற்கடியில் ரெக்சின் துண்டு, அதற்கடியில் இன்னொரு துண்டு என்று அடுக்கி வையுங்கள். நடுராத்திரியில் மேலே உள்ளதை மட்டும் உருவினால் படுக்கை தயார்.

வாந்தி தரையில் விழுந்துவிட்டது என்று வையுங்கள். உடனே ஓடிப்போய் மாப்பைப் போடாதீர்கள். ஈர மாப் வைரஸை அறை முழுக்கப் பூசிவிட்டு, அடுத்த அறைக்கும் எடுத்துப் போகும். முதலில் மற்றவர்களை வெளியே அனுப்புங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைத் திறங்கள். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை இல்லையென்றால் கையில் பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். வாந்தியின்மேல் செய்தித்தாளையோ டிஷ்யூவையோ மெதுவாகப் போட்டு மூடி, ஊறவிட்டு, வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வழித்து அள்ளிப் பையில் போடுங்கள். தேய்க்க வேண்டாம், துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம். அள்ளி முடித்ததும் சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய துணியால் ஒருமுறை துடைத்து அந்தத் துணியையும் பையில் போடுங்கள். இனிமேல்தான் பிளீச், அதாவது குளோரின் கிருமிநாசினி.

இந்த வரிசையை மாற்றினால் பிளீச் வீணாகும். அதில் உள்ள குளோரின் கண்ட கரிமப் பொருளோடெல்லாம் வினைபுரிந்து தீர்ந்துபோகும் சரக்கு. வாந்தியின்மேல் நேராக ஊற்றினால் அதில் உள்ள உணவோடு மல்லுக்கட்டியே வலுவிழந்துவிடும், வைரஸுக்கு எதுவும் மிஞ்சாது. வாந்தியில் அமிலம் வேறு இருப்பதால் குளோரின் வாயுவும் கிளம்பும்.

பிளீச் கரைசல் கணக்கு எளிது. பாட்டிலில் சோடியம் ஹைப்போகுளோரைட் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வாந்தி, பேதி விழுந்த இடத்துக்கு 500ஐ அந்த எண்ணால் வகுங்கள். கைப்பிடி, குழாய், சுவிட்ச் போன்றவற்றுக்கு 100ஐ வகுங்கள். வருவது, 1 லிட்டர் கரைசலுக்கு வேண்டிய மில்லிலிட்டர். 5 சதவீத பிளீச் என்றால் முதலாவதுக்கு 100 மில்லி, இரண்டாவதுக்கு 20 மில்லி. 4 சதவீதம் என்றால் 125, 25. பிளீச்சிங் பவுடருக்கும் இதே கணக்குதான், கிராமில் எடுங்கள்: 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் லிட்டருக்குச் சுமார் 17 கிராம், சாதாரணப் பரப்புக்கு 3 கிராமுக்குச் சற்று மேல். பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு மேல் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரில் கலக்குங்கள். வெந்நீரில் குளோரின் சீக்கிரம் பறந்துவிடும், கண்ணும் எரியும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று கலக்க வேண்டும், நேற்றுக் கலக்கியதை நம்பக் கூடாது. திறந்து பல மாதமான பாட்டிலும் பாதி வலுவை இழந்திருக்கும்.

கரைசலைத் துணியில் நனைத்துப் பரப்பு ஈரமாக இருக்கும்படி பூசி, 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். பூசிய உடனே துடைத்தால் பயனில்லை, காயத் தொடங்கினால் மறுபடி பூசுங்கள். நேரம் முடிந்ததும் தண்ணீரால் துடையுங்கள். வாந்தி விழுந்த இடம் மட்டும் போதாது, சுற்றிலும் இரண்டு மீட்டராவது துடைக்க வேண்டும், சுவரின் கீழ்ப்பகுதியும் கட்டில் காலும் சேர்த்து. பலமாக வாந்தி எடுக்கும்போது நுண்துளிகள் கண்ணுக்குத் தெரியாமல் சிதறும். பிரிட்டனில் 1998 டிசம்பரில் ஓர் ஓட்டல் விருந்தில் ஒரு பெண் மேசையிலேயே வாந்தி எடுத்தார். அதே மேசையில் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் வந்தது. தூரம் கூடக் கூட எண்ணிக்கை குறைந்தது, ஆனாலும் கடைசி மேசையிலும் நாலில் ஒருவருக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் மூடாமல் வைத்த பழமோ உணவோ அந்த அறையில் இருந்திருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மகனுக்கு வாந்தி தொடங்கும் முன் அவன் கை விட்டு அளைந்த தின்பண்ட டப்பாவும் அப்படியே.

பிளீச்சோடு எதையும் கலக்காதீர்கள். கழிவறைக் கோப்பைக்கு ஊற்றும் அமில கிளீனர், வினிகர், அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனர் ஆகியவற்றோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். நன்றாகச் சுத்தமாகட்டும் என்று கழிவறையில் இரண்டையும் ஊற்றி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. ஏற்கெனவே அமில கிளீனர் ஊற்றியிருந்தால் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசியபின்தான் பிளீச். ஸ்ப்ரே பாட்டிலில் நிரப்பி அடிக்கவும் வேண்டாம், மூச்சில் ஏறும். பளிங்கு, ஸ்டீல், சாயத் துணி ஆகியவற்றில் கறை விழும். பிளீச் ஆகாத மெத்தை, துணி சோபாவுக்கு நீராவி கிளீனர் இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடமாவது கொதி ஆவி படவேண்டும். அது இல்லையென்றால் சோப்பால் அழுத்தி எடுத்துவிட்டு, சில வாரம் பிள்ளைகளை அதில் உருளவிடாமல் ஒரு கழுவும் விரிப்பைப் போட்டு மூடுங்கள்.

ஒரே கழிவறை என்பதுதான் உங்களுக்குச் சிக்கல். மகனுக்கு முடிந்தால் தனியாக ஒரு பிளாஸ்டிக் மலத்தொட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொட்டிக் கழுவும் பொறுப்பு அவனைப் பார்ப்பவருக்கே. கழிவறையை அவன் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் உட்காரும் இடம், பிளஷ் பொத்தான், குழாய்த் திருகு, கைச்சவர், மக்கு, கதவுக் கொண்டி, லைட் சுவிட்ச் இவற்றைக் கரைசலால் துடைக்க வேண்டும். சுவிட்சுக்குத் துணியைப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். மக்கின் கைப்பிடியை யாரும் நினைப்பதில்லை. கழுவும் கையும் எடுக்கும் கையும் அதில் மாறி மாறிப் படும், அதனால் அவனுக்குத் தனி மக்கு வையுங்கள். மூடியைப் போட்டு பிளஷ் செய்வது நல்ல பழக்கம்தான். ஆனால் இடுக்கு வழியாகத் துளிகள் வெளியே வருவதால் அதை மட்டும் நம்பித் துடைக்காமல் விடக் கூடாது.

பல் துலக்கும் பிரஷ், துண்டு, சீப்பு எல்லாவற்றையும் இன்றே குளியலறையிலிருந்து வெளியே எடுங்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துச் சிறுமிகள் கால்பந்து அணிக்கு 2010இல் ஒரு பயணத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. நோய்வாய்ப்பட்ட சிறுமி வாந்தி எடுத்த ஓட்டல் குளியலறையில் தின்பண்டங்கள் வைத்த ஒரு மளிகைப் பை இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. அவள் வீடு திரும்பிய பிறகு அந்தப் பையிலிருந்து எடுத்துத் தின்ற மற்றச் சிறுமிகள் நோயில் விழுந்தார்கள். காற்றில் மிதந்து பையில் படிந்த வைரஸ் போதுமானதாக இருந்தது.

துணி விஷயத்தில் ஒரே விதி: உதறாதீர்கள். கட்டியாக ஒட்டியிருப்பதை டிஷ்யூவால் வழித்துக் கழிவறையில் போட்டுவிட்டு, உள்பக்கமாகச் சுருட்டி நேரே மெஷினுக்கு. மற்றத் துணிகளோடு சேர்க்காமல், 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில், மிக நீண்ட சுழற்சியில் துவையுங்கள். டிரம்மை நிரப்பாதீர்கள், தண்ணீர் புரள இடம் வேண்டும். டிரையர் இருந்தால் அதிகச் சூட்டில் ஓட்டுங்கள். மெஷினில் வெந்நீர் இல்லையென்றால் வெள்ளைத் துணியைக் கழுவியபின் பிளீச் கரைசலில் ஊறவைக்கலாம். சாயத் துணியைக் கொதிநீர் ஊற்றி மூடி ஊறவைத்துப் பிறகு துவையுங்கள். பக்கெட்டில் கையால் கசக்குவது மிக மோசமான வழி, சட்டை நனையத் தெறிக்கும். பிளாஸ்டிக் பொம்மைகளைக் கழுவி, லேசான கரைசலில் 10 நிமிடம் போட்டு, நன்றாக அலசுங்கள்.

கைகழுவுவதில் சோப்பு இந்த வைரஸைக் கொல்வதில்லை, உரசி வழித்துத் தண்ணீரோடு போகச் செய்கிறது. அதனால் நேரமும் உரசலும்தான் முக்கியம். ஓடும் தண்ணீர், 20 விநாடிக்குக் குறையாமல், விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஆளுக்கொரு துண்டு, அல்லது பேப்பர் துண்டு. வீட்டுக்கே பொதுவான கைத்துண்டு ஒன்று தொங்கினால் மற்ற எல்லா உழைப்பும் அதில் போய்விடும். கையுறையைக் கழற்றிய பிறகும் கைகழுவ வேண்டும். அதைச் செய்யாதவர்கள்தான் அதிகம்.

இனி மகனுக்கு. வயிற்றில் ஒன்றும் நிற்பதில்லை என்று ஒன்றும் கொடுக்காமல் விடுவதும், தாகம் என்று கேட்டதும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுப்பதும், இரண்டும் தவறு. ஒரு டம்ளரை மடமடவென்று குடித்தால் வயிறு விரிந்து அடுத்த ஐந்து நிமிடத்தில் அப்படியே வெளியே வரும். வாந்தி எடுத்ததும் 10 நிமிடம் பொறுங்கள். பிறகு ஓஆர்எஸ் (இழந்த உடல்நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைப் பொடி) கரைசலை ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள், பிள்ளை கெஞ்சினாலும் அதற்குமேல் வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உள்பக்கமாக விடுவது இன்னும் எளிது. இந்த வேகத்தில் மணிக்கு 150 மில்லி உள்ளே போகும். ஒரு மணி நேரம் வாந்தி இல்லையென்றால் நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூனாக்குங்கள், அது மணிக்கு 300 மில்லி. இடையில் கொஞ்சம் வாந்தி எடுத்தாலும் கணக்கில் லாபம்தான், குடித்ததெல்லாம் போவதில்லை. வாந்தி அடங்கியபின் ஒவ்வொரு பேதிக்கும் 100 முதல் 200 மில்லி. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் 50 முதல் 100 மில்லி.

வெறும் தண்ணீர் ஏன் போதாது? குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே நுழைவதற்கென்று ஒரு வாசல் இருக்கிறது, அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். பேதியின்போதும் அந்த வாசல் வேலை செய்யும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ்ஸில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். இனிப்பு கூடினால் காரியம் தலைகீழாகும். சர்க்கரை மிகுந்த குளிர்பானமும் டப்பா ஜூஸும் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும்.

பாக்கெட்டில் எத்தனை மில்லிக்கு என்று எழுதியிருக்கிறதோ அத்தனைக்கே கலக்குங்கள். 1 லிட்டர் பாக்கெட்டும் 200 மில்லி பாக்கெட்டும் ஒரே மாதிரி இருப்பதால் பலர் பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிவிடுகிறார்கள். பிள்ளைக்கு அது ஆபத்து, ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் பிரிப்பது, பாலிலோ ஜூஸிலோ கலப்பது, கலக்கியபின் கொதிக்க வைப்பது, இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடுவது எதுவும் வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்கி 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட்டு மிச்சத்தைக் கொட்டுங்கள். பாக்கெட் கிடைக்காத ராத்திரிக்கு 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. இதில் பொட்டாசியம் கிடையாது, அதனால் பாக்கெட் கிடைத்ததும் மாறிக்கொள்ளுங்கள். சுவை பிடிக்கவில்லை என்று துப்பினால் குளிரவைத்துக் கொடுத்துப் பாருங்கள், உப்புச் சுவை மட்டுப்படும். ஒரு குறிப்பு: உடலில் நீர் நிறைய வற்றிய பிள்ளை ஓஆர்எஸ்ஸை ஆவலாகக் குடிக்கும். தெளிந்த பிள்ளைதான் முகம் சுளிக்கும்.

பட்டினி போடுவது பழைய வைத்தியம். வாந்தி நின்று சில மணி நேரம் ஆனதும், பசிக்கிறது என்றால் வழக்கமாகச் சாப்பிடுவதில் எண்ணெய், காரம், இனிப்பு குறைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பசியில்லை என்றால் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, நீர் மட்டும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குக் குடலின் மேற்பரப்பு ஆறும்வரை ஒன்றிரண்டு வாரம் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பும். அதை நோய் திரும்பிவிட்டது என்று எண்ணிப் பயப்பட வேண்டாம்.

மருந்து என்று பார்த்தால், வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் இதில் வேலை செய்யாது, பேதியை அதுவே கூட்டலாம். பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரையைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் எடைக்கேற்ற அளவில் போதும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்துக்குச் சுமை, ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது. வாந்தி நிற்கவே இல்லையென்றால் வாந்தியை அடக்கும் ஒண்டான்செட்ரான் மருந்தைத் தருவதா என்பதை மருத்துவர் முடிவுசெய்யட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய பாட்டிலை எடுக்காதீர்கள். பேதிக்குத் துத்தநாகம் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 10 முதல் 14 நாள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மருத்துவரைக் கேட்டு, வாந்தி நின்றபின் தொடங்கலாம், வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும்.

கைக்குழந்தைக்கு வந்துவிட்டால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், நேரம் குறைத்து அடிக்கடி கொடுங்கள், நடுவில் ஓஆர்எஸ் கரண்டியால். பவுடர் பால் குடிக்கும் குழந்தையானால் வழக்கமான அளவிலேயே கலக்குங்கள், தண்ணீரைக் கூட்டி நீர்க்கவைக்க வேண்டாம். எட்டு மாதக் குழந்தைக்கு உடல்நீர் கண்ணெதிரே வற்றும், அதனால் டயப்பரை எண்ணுங்கள். பேதி தண்ணீராக இருந்தால் அது சிறுநீரா மலமா என்று தெரியாது. டயப்பருக்குள் முன்பக்கம் ஒரு பஞ்சை வைத்தால் தெரிந்துவிடும்.

மாமியார் விஷயத்தில் வேறு கவலை. வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கியிருக்கும், கேட்டால் வேண்டாம் என்பார். குடித்ததைத் தாளில் குறித்துவையுங்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகளும் நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அவருக்கு வாந்தி-பேதி தொடங்கினால் அன்றைக்கே மருத்துவரை அழைத்து எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று கேளுங்கள். தானாக நிறுத்துவதும் தானாகத் தொடர்வதும் இரண்டுமே சரியில்லை. இன்சுலின் போடுபவராக இருந்தால் சாப்பிடவில்லை என்று அதை மொத்தமாக விட்டுவிடக் கூடாது.

தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகள் இவை: 6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் உலர்ந்து ஒட்டுகிறது, கண் குழிவிழுந்திருக்கிறது, குழந்தையின் உச்சிக்குழி அமுங்கியிருக்கிறது. கைகால் சில்லிட்டிருக்கிறது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை. மலத்தில் ரத்தம், வாந்தியில் பச்சைப் பித்தநீர் அல்லது ரத்தம். வயிறு கல் மாதிரி இறுகி, தொட்டால் அலறுகிறது. கரண்டியால் கொடுத்தும் நாலைந்து மணி நேரமாக ஒன்றும் நிற்கவில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இவை எதற்கும் காத்திராமல் முதலிலேயே காட்டிவிடுங்கள். தலைவலியும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வாந்தி, வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் குத்தும் வலியோடு வரும் வாந்தி, இவை இந்த வைரஸின் வேலையாக இருக்காது.

அடுத்த 48 மணி நேரம் வீட்டில் எல்லாரும் காத்திருக்கும் நேரம். ஆளுக்கொரு பேசினும் பையும் கட்டிலடியில் இப்போதே இருக்கட்டும். யாருக்காவது வாயில் எச்சில் ஊறிக் குமட்டினால் அவரும் அன்றிலிருந்து சமையலறைக்கு வெளியே. இரண்டு பேர் நோயாளியாகிவிட்டால் இருவரையும் ஒரே அறையில் சேர்த்து வைக்கலாம், ஒரே வைரஸ்தானே. பார்ப்பவரும் படுத்துவிட்டால் முதலில் தேறியவர் பொறுப்பை எடுத்துக்கொள்வது நல்லது. சில மாதத்துக்காவது இதே வகைக்கு எதிர்ப்பு இருக்கும். நிரந்தர எதிர்ப்பு கிடையாது, வேறு வகை வந்தால் அடுத்த வருடமே மறுபடி வரலாம். சிலருக்குப் பிறப்பிலேயே குடலில் இந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் ஒருவகைச் சர்க்கரை மூலக்கூறு இருக்காது. வீட்டில் எல்லாரும் விழுந்து ஒருவர் மட்டும் கல்லுப்போல உலவினால் அவர் அந்த ரகமாக இருக்கலாம்.

கடைசி வாந்தியும் கடைசிப் பேதியும் முடிந்து 48 மணி நேரம் கழித்துத்தான் மகன் பள்ளிக்குப் போக வேண்டும். காலையில் தெளிவாக எழுந்தான் என்பதற்காக அன்றே அனுப்பினால் அது அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகும். பெரியவர்கள் சமைக்கத் தொடங்கவும் அதே 48 மணி நேரம். அதற்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு மகன் கழிவறை போய் வந்ததும் பக்கத்தில் நின்று சோப்புப் போட்டுக் கைகழுவவையுங்கள். கைக்குழந்தைக்கு வந்திருந்தால் டயப்பர் மாற்றும் இடத்தை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். எல்லாரும் தேறிய அன்று கழிவறையையும் மகன் படுத்த அறையையும் மேலே சொன்ன வரிசையில் கடைசியாக ஒருமுறை துடைத்து, தேறியவர்களின் பல் பிரஷ்ஷைத் தூக்கிப்போட்டு, பேசின்களைப் பிளீச்சில் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, மீந்த கரைசலைத் தனியாகத் தண்ணீர் விட்டுக் கொட்டிவிடுங்கள்.